1976 வீல் ஹார்ஸ் சி-120: ஆக்ஸிலேட்டர், சோக் கேபிள் எங்கே கிடைக்கும்?

தாமிரபரணிக்காரன் (ஓஹையோ)

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் ஊருக்கு வெளியே ஒரு பழைய வீடு வாங்கினோம். ரெண்டு ஏக்கர் புல், பின்னால் ஒரு மரக்கொட்டகை. வீட்டை விற்ற பெரியவர் கொட்டகைச் சாவியைக் கையில் கொடுத்து, "உள்ளே ஒரு குதிரை நிற்கிறது, தீனி போட்டு வைத்துக்கொள்" என்றார். போய்ப் பார்த்தால் சிவப்பு வீல் ஹார்ஸ் சி-120, புல்வெட்டுகிற சின்னத் தோட்ட டிராக்டர். 1976 மாடல், 8 கியர், கோலர் கே301 ஒற்றை சிலிண்டர் எஞ்சின், 12 குதிரைத்திறன். எலி கூடு கட்டியிருந்ததைத் தவிர பெரிய பழுதில்லை. பேட்டரி மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிப் போட்டதும் இரண்டாவது ஸ்டார்ட்டில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு எங்கள் ஊர் டீசல் பம்ப்செட் ஞாபகம் வந்துவிட்டது, அரைமணி நேரம் ஓடவிட்டு சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். ஆக்ஸிலேட்டர் நெம்புகோல் இறுகிப்போய் இருந்தது. கொஞ்சம் பலமாகத் தள்ளினேன், உள்ளே கம்பி மடங்கி, டாஷ்போர்டு பக்கம் இசட் மாதிரி வளைத்திருக்கும் இடத்தில் பட்டென்று உடைந்துவிட்டது. சோக் இன்னும் மோசம், குமிழை இழுத்தால் குமிழ் மட்டும் கையோடு வருகிறது, கம்பி உள்ளேயே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து டவுனில் புல்வெட்டி எஞ்சின் விற்கும் கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரில் "வீல் ஹார்ஸ் கேபிள்" என்று அடித்துப் பார்த்துவிட்டு, அம்பது வருட வண்டிக்கெல்லாம் ஒன்றும் வராது, புதுசு வாங்குங்கள் என்று பட்ஜெட் கணக்கு போட ஆரம்பித்துவிட்டான். ஆன்லைனில் ஒருவர் பழைய கேபிள் ஒன்றைத் துருவோடு சேர்த்து 60 டாலருக்கு விற்கிறார்.

இதில் மச்சான் ஒரு யோசனை சொல்லி, டிவிஎஸ் 50 ஆக்ஸிலேட்டர் கேபிளை கூரியரிலேயே அனுப்பிவிட்டான். மாட்டிப் பார்த்தேன். நெம்புகோலை ஒரு பக்கம் நகர்த்தினால் இழுக்கிறது, திருப்பித் தள்ளினால் எஞ்சின் வேகம் குறையவே இல்லை. எங்கே தப்பு? ஏப்ரலில் மாமியார் வருகிறார், பெட்டியில் வேறு ஏதாவது கேபிள் கொண்டுவரச் சொல்லலாமா?


மிச்சிகன்_அக்கா

தம்பி, மாமியார் பெட்டியில் புளியும் அப்பளமும் வரட்டும், கேபிளை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

என்னிடம் இருப்பது கப் கேடட் 122, அதுவும் தோட்ட டிராக்டர்தான், அறுபதுகளில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் செய்தது. எஞ்சின் உங்களுடையதேதான், கே301. அதனால் இந்தப் பாடெல்லாம் நானும் பட்டிருக்கிறேன். கவுன்ட்டர் பையனைத் திட்டாதீர்கள், அவனிடம் வண்டிப் பேரைச் சொன்னால் அவன் கம்ப்யூட்டர் கையை விரிக்கத்தான் செய்யும். வீல் ஹார்ஸ் இண்டியானாவில் சவுத் பெண்ட் ஊர்க் கம்பெனி, 1986-ல் டோரோ அதை வாங்கிவிட்டது. வாங்கியவர்கள் பழைய பார்ட்ஸ் புத்தகங்களைத் தூக்கி எறியவில்லை என்பது நம் அதிர்ஷ்டம். வண்டியில் மாடல் எண் பொறித்த தகடோ ஸ்டிக்கரோ இருக்கும், அதைத் துடைத்து எண்ணை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். சி-120 என்பது வெறும் கூப்பிடுகிற பேர், மாடல் எண் வேறு. அந்த எண்ணை டோரோ தளத்தில் போட்டால் புத்தகம் வரும், அதில் வெடித்துப் பிரித்த மாதிரி படம் போட்டு ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு பார்ட் நம்பர் இருக்கும். கடையில் போய் அந்த நம்பரைச் சொல்லுங்கள். பல சமயம் பழைய நம்பர் செத்துப்போய் அதற்குப் பதிலாக வேறு நம்பர் வந்திருக்கும், கம்ப்யூட்டரே அதைக் காட்டும். ஒரே கேபிள் நாலைந்து மாடலுக்குப் பொதுவாகவும் இருக்கும். சி-120 என்று மட்டும் தேடினால், பக்கத்து மாடல் பேரில் விற்பனைக்குக் கிடக்கும் அதே கேபிள் கண்ணில் படவே படாது.

நம்பரும் செத்திருந்தால் கவலையில்லை. புல்வெட்டி பார்ட்ஸ் செய்கிற ஸ்டென்ஸ், ஓரிகன், ரோட்டரி மாதிரிக் கம்பெனிகள் எல்லா வண்டிக்கும் பொதுவான கேபிள் போடுகிறார்கள், நீளமாக வாங்கி வெட்டிக்கொள்வதுதான். அதற்கு முன்னால் பழைய கேபிளைக் குப்பையில் போடாமல் அளவெடுங்கள். அவுட்டர் (வெளி உறை) நீளம் தனி, இன்னர் (உள்ளே ஓடும் கம்பி) மொத்த நீளம் தனி. நெம்புகோலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தள்ளும்போது இன்னர் எத்தனை அங்குலம் நகர்கிறது என்பது மூன்றாவது, இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். முனை இசட் வளைவா, வளையமா, நேர்க் கம்பியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும். நான் எடுக்காமல் கழற்றிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முழித்திருக்கிறேன்.


சிங்காநல்லூர் மெக்கானிக்

உங்கள் மச்சான் அனுப்பியதில் தப்பில்லை சார், நல்ல கேபிள்தான், ஆனால் வேலை வேறு. நான் கோயமுத்தூரில் முப்பது வருடமாக டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன், அமெரிக்க வண்டி பார்த்ததில்லை, ஆனால் கேபிள் எந்த ஊரிலும் கேபிள்தான்.

டிவிஎஸ் கேபிளின் இன்னர் மெல்லிய இழைகளை முறுக்கியது, கயிறு மாதிரி. கயிற்றால் இழுக்கலாம், தள்ள முடியுமா? மொபெட்டில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் வேகம் குறைகிறதே என்றால், அங்கே கார்புரேட்டருக்குள் ஒரு ஸ்பிரிங் உட்கார்ந்து ஸ்லைடைக் கீழே தள்ளுகிறது. கேபிள் இழுக்க மட்டும் செய்கிறது, திரும்ப வருவது ஸ்பிரிங் வேலை. ஸ்பிரிங் இல்லாத இடத்தில் என்ன செய்வார்கள் என்பதற்குப் பழைய பஜாஜ் சேத்தக்கைப் பாருங்கள். கைப்பிடியைத் திருப்பிக் கியர் போடுகிற வண்டி அது. கியருக்கு ஒரு கேபிள் இல்லை, ரெண்டு. ஒன்று மேலே போக இழுக்கும், இன்னொன்று கீழே வர இழுக்கும். ஒன்று அறுந்தால் நம் ஆள் ஒரே பக்கமாகக் கியர் போட்டுக்கொண்டு வந்து சேருவார்.

உங்கள் வண்டியில் ஒரே கேபிள் தள்ளவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அதற்கு இன்னர் முறுக்குக் கம்பியாக இருக்கக்கூடாது, ஒற்றைக் கம்பியாக இருக்கணும், விறைப்பாக. தென்னை ஈர்க்கை ஒரு குழாய்க்குள் விட்டுத் தள்ளுகிற மாதிரி. குழாய் அந்த ஈர்க்கை மடங்க விடாது. அவுட்டருக்கு வெளியே வந்த பிறகுதான் மடங்கும், அதனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி தேவைக்கு மேல் ஒரு அரை அங்குலம்கூட அதிகம் இருக்கக்கூடாது. உங்களுக்கு மடங்கி உடைந்ததும் அங்கேதான்.

இன்னொன்று, கேபிள் உடைந்ததற்குக் காரணம் கேபிள்தானா என்று பாருங்கள். எங்கள் கடையில் கிளட்ச் கேபிள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுகிறது என்று வருவார்கள், பார்த்தால் லீவர் திரும்புகிற பிவட்டில் எண்ணெய் பார்த்து வருடக்கணக்காகியிருக்கும். எஞ்சின் பக்க முனையைக் கழற்றிவிட்டு அங்கே கேபிள் மாட்டும் நெம்புகோல் கையை விரலால் அசைத்துப் பாருங்கள். அதுவே இறுக்கம் என்றால் புதுக் கேபிளும் ஒரு மாதத்தில் இதே கதிதான்.

சோக் கம்பியை உடனே பிடுங்காதீர்கள். கேபிளைக் கழற்றி, ஒரு முனையில் பாலிதீன் கவரின் மூலையை நுழைத்து நூலால் இறுக்கிக் கட்டி, கவருக்குள் ரெண்டு ஸ்பூன் மெல்லிய எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஆணியில் தொங்கவிடுங்கள். கீழே பழைய துணி போட மறந்தால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள். காலையில் மறுமுனையில் செந்நிறமாக எண்ணெய் சொட்டினால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. கிரீஸ் வேண்டாம், உங்கள் ஊர்க் குளிரில் அது மெழுகு மாதிரி இறுகிவிடும்.


கோப்பாய்ப் பையன் (டொரன்டோ பக்கம்)

மெக்கானிக் அண்ணை சொன்னது அத்தனையும் சரி. கேபிளை வாங்காமல் செய்யவும் ஏலும், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கட வீட்டில் ஒரு லேண்ட்மாஸ்டர் நின்றது, ரெண்டு சில்லு உழவு மெசின். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராது, பேட்டரி வராது, ஸ்பெயார் பார்ட்ஸ் ஒன்றும் வராது, பொருளாதாரத் தடை. மோட்டார் சைக்கிளை ரெண்டு சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டின காலம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம். அப்படியிருக்கக் கேபிளுக்கு எங்கே போறது? அப்பா சைக்கிள் பிரேக் கேபிளின் அவுட்டரை எடுத்து, இன்னரை உருவிப்போட்டு, உள்ளே ஒற்றை உருக்குக் கம்பியைச் செலுத்திப் போட்டுத்தான் அந்த மெசினை ஓட்டினவர். நான் டார்ச் பிடிக்கிற ஆள்.

இங்கே கனடாவில் என்ர பழைய ட்ராக்டருக்கும் அதே வைத்தியம்தான் செய்தேன். கம்பிக்கு, விமானப் பொம்மை செய்கிறவர்கள் போகிற ஹாபிக் கடையில் பியானோ கம்பி என்று கேளுங்கள், நேர்த் துண்டுகளாக விற்பார்கள். பழைய கம்பியின் தடிப்பை காலிப்பரால் அளந்து அதே அளவு எடுங்கள். சைக்கிள் கடையில் அவுட்டர் வாங்கும்போது பிரேக் அவுட்டர் என்று சொல்லிக் கேளுங்கள். அது கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றினது. கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாட்டில் ஓடும், வெட்டின இடத்தில் விசிறி மாதிரிப் பிரிஞ்சு போகும். இப்போதைய அவுட்டருக்குள் பிளாஸ்டிக் குழாய் இருக்கும், வழுக்கலுக்கு நல்லது, ஆனால் சைலன்சருக்குக் கிட்ட கொண்டுபோகாதீர்கள், உருகிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.

அவுட்டரைக் குறட்டால் வெட்டக்கூடாது, சுருள் நசுங்கிவிடும். சின்ன அரைக்கும் மெசினில் கட்டிங் வட்டுப் போட்டு வெட்டி, ஓட்டையை ஒரு கூரான ஆணியால் துப்புரவாக்குங்கள். வெட்டும்போது உள்ளே ஒரு பழைய கம்பித் துண்டை விட்டு வைத்தால் வாய் சப்பையாகாது.

இசட் வளைவில்தான் எல்லாருக்கும் கை சுடும். பியானோ கம்பி கடும் விறைப்பு, குறட்டைப் பிடித்துச் சட்டென்று கூர்மையாய் மடக்கினால் முறிஞ்சு முகத்துக்குப் பறக்கும், கண்ணாடி போடுங்கள். நான் முனையில் ஒரு அங்குலத்தை மட்டும் கேஸ் டார்ச் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, ஊதாமல், தண்ணீரில் தோய்க்காமல் தானாய் ஆறவிட்டேன். ஆறினபிறகு இளகி வளைந்து கொடுத்தது. எஞ்சின் பக்கம் வளைக்கத் தேவையில்லை, நேர்க் கம்பியை ஒரு திருகு பிடிக்கும். ஒரு முனையை வளைத்து மாட்டிவிட்டுப் பிறகுதான் மறுமுனையை அளந்து வெட்ட வேண்டும். முதல் தடவை நான் ரெண்டையும் மேசையில் வைத்தே வெட்டி, முக்கால் அங்குலம் குறைந்துபோய் பேசாமல் இருந்தேன்.


தாமிரபரணிக்காரன் (ஓஹையோ)

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. மாடல் எண் கிடைத்தது, எண்ணெய்க் கறைக்குக் கீழே ஒளிந்திருந்தது. புத்தகமும் கிடைத்தது. சோக் கேபிளைத் தொங்கவிட்டிருக்கிறேன், மூன்றாவது ராத்திரி இன்று, ஒரு சொட்டுகூட வரவில்லை.

ஆனால் ஆக்ஸிலேட்டரில் ஒரு குழப்பம். பழைய கேபிளின் அவுட்டர் 34 அங்குலம் இருக்கிறது, புத்தகப் படத்தில் அது போகும் வழியை வண்டியில் கயிறு வைத்து அளந்தால் 27-க்கு மேல் வரவில்லை. என் கேபிள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டு நேராகக் கார்புரேட்டர் வரைக்கும் போய், உள்ளே திறந்து மூடுகிற பட்டர்ஃபிளை தகட்டின் கையிலேயே மாட்டியிருக்கிறது. படத்தில் அது எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்னத் தகட்டோடு நிற்கிறது. படம்தான் வேறு மாடலோ?


மிச்சிகன்_அக்கா

படம் சரி. வண்டிதான் தப்பு. எஞ்சினை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

இந்த எஞ்சினில் ஆக்ஸிலேட்டர் கேபிள் கார்புரேட்டரைத் தொடவே கூடாது. உள்ளே எஞ்சின் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்துகிற கவர்னர் ஒன்று இருக்கிறது. அதன் தண்டு பிளாக்குக்கு வெளியே எட்டிப் பார்க்கும், அதில் ஒரு கை, அந்தக் கையிலிருந்து ஒரு மெல்லிய ராடு கார்புரேட்டருக்கு. கேபிள் செய்கிற வேலை, அந்தக் கையை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கை இறுக்குவதும் தளர்த்துவதும் மட்டும்தான். கனமான புல்லில் வேகம் குறைந்தால் ஸ்பிரிங் ஜெயித்து பட்டர்ஃபிளையைத் திறக்கும், புல் முடிந்து வேகம் கூடினால் கவர்னர் ஜெயித்து மூடும். உங்கள் வண்டியில் முன்னால் யாரோ இதை எல்லாம் தாண்டி நேராக இழுத்துவிட்டார்கள். நீங்கள் அரைமணி நேரம் ரசித்து நின்றீர்களே, கடவுள் புண்ணியம், வேகத்தைக் கூட்டாமல் விட்டீர்கள். இந்த எஞ்சினுக்கு மேல் எல்லை நிமிடத்துக்கு 3600 சுற்று. பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடு அலுமினியம். எல்லை தாண்டினால் ராடு உடைந்து பிளாக்கில் ஜன்னல் வைத்துவிடும், அப்புறம் கேபிள் தேட வேண்டியதே இல்லை.

யாரும் சும்மா இப்படிச் செய்ய மாட்டார்கள். மெக்கானிக் சார் சொன்ன மாதிரி அந்தப் பக்கவாட்டுத் தகடு துருப்பிடித்து இறுகியிருக்கும், கேபிள் தள்ள முடியாமல் போயிருக்கும், அவசரத்துக்கு வழி கண்டுபிடித்திருப்பார்கள். அதைக் கழற்றி, துரு போக்கி, தொட்டால் நகர்கிற மாதிரி ஆக்குங்கள். ஆனால் அதிர்வில் தானாக நழுவாத அளவுக்கு ஒரு பிடிப்பும் வேண்டும். கவர்னர் ராடும் ஸ்பிரிங்கும் காணாமல் போயிருந்தால் கோலர் கே வரிசைக்குப் புதுசாக வாங்கலாம், இவை கேபிள் மாதிரி அரிது இல்லை. ஸ்பிரிங்கை மாட்டக் கவர்னர் கையில் ஒன்றுக்கு மேல் ஓட்டை இருக்கும், எந்த ஓட்டை என்பதை எஞ்சின் புத்தகத்தில் பார்த்து மாட்டுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம். கவர்னர் தண்டையும் கையையும் சேர்த்துச் சரிசெய்து இறுக்குகிற முறையும் அதிலேயே இருக்கிறது.


சிங்காநல்லூர் மெக்கானிக்

அக்கா சொன்னதுதான். நம் ஊர் டீசல் பம்ப்செட்டிலும் இதே கவர்னர் கதைதான், தண்ணீர் இறங்கி பம்ப் காற்றை இழுக்கிற நேரத்தில் எஞ்சின் பிய்த்துக்கொண்டு ஓடாமல் பிடிப்பது அதுதான். கடைசியில் ஒரு டாக்கோமீட்டர் வைத்துச் சுற்றைப் பார்த்துவிட்டுத்தான் புல்வெட்ட இறங்கணும். காதால் கேட்டு 3600 சொல்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தரும் இல்லை, என்னையும் சேர்த்து.


தாமிரபரணிக்காரன் (ஓஹையோ)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கொட்டகை அலமாரியில் ஒரு காபி டப்பா, ஆணியும் வாஷருமாக நிறைந்திருந்தது. கொட்டிப் பார்த்தால் அடியில் கவர்னர் ராடு, நெளியாமல் அப்படியே. பெரியவர் எதையும் எறிகிற ஆள் இல்லை. ஸ்பிரிங் மட்டும் காணோம், புதுசு வாங்கினேன். பக்கவாட்டுத் தகடு இறுகிப்போய் ஒற்றை இரும்பாக இருந்தது, நட்டைத் தளர்த்த ரெண்டு நாள் எண்ணெய் ஊற்றி வைக்க வேண்டியிருந்தது.

ஆக்ஸிலேட்டர் கேபிளுக்குப் பொது கேபிள் ஒன்றை வாங்கி 27 அங்குலத்துக்கு வெட்டினேன். பழைய நம்பருக்குப் பதில் நம்பரும் இல்லை, அதனால்தான். சோக் ஏழாவது நாள் காலையில் சொட்டியது, ஆனால் கம்பி உள்ளே பாதி அரித்துப்போயிருந்தது. அதைக் கோப்பாய் அண்ணன் சொன்ன மாதிரி பியானோ கம்பியும் பிரேக் அவுட்டரும் வைத்துச் செய்தேன். முதல் வளைவு முறிந்தது, ரெண்டாவது நின்றது. பழைய குமிழையே திரும்ப மாட்டியிருக்கிறேன், அதில் பெரியவரின் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் இருக்கிறது. டாக்கோமீட்டரில் 3450-ல் நிறுத்தியிருக்கிறேன்.

டிவிஎஸ் கேபிள் வீணாகவில்லை. கோழிக்கூட்டுக் கதவின் தாழ்ப்பாளுக்குப் போட்டுவிட்டேன், சமையலறை ஜன்னலிலிருந்து இழுத்தால் திறக்கிறது, மூட ஒரு ஸ்பிரிங். மாமியார் வந்ததும் முதலில் அதைத்தான் இழுத்துப் பார்த்தார்.

அக்கா, பிரேக் அவுட்டரில் ரெண்டடி மிச்சம் இருக்கிறது, பியானோ கம்பியும் ஒரு துண்டு. உங்கள் 122-க்கு வேண்டுமா?


மிச்சிகன்_அக்கா

அனுப்புங்க தம்பி. என் சோக்கும் இப்போது முனகுகிறது.